களவு விசாரணைக்காகக் கைப்பேசியைக் கேட்டால் எதுவரை கொடுக்க வேண்டும்?

வளவுக்காரன்:

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு இருக்கிறது. கல்யாணம், சாந்தி, படைப்பு என்றால் எல்லாப் புள்ளிகளும், அதாவது குடும்பங்களும், கூடித் திறப்போம். மற்ற நாட்களில் காவலாளி ஒருவர் குடும்பத்தோடு பின்கட்டில் தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அண்மையில் ஓர் இரவு இரண்டாங்கட்டு அறையின் பூட்டை அறுத்து, வெண்கல விளக்குகளையும் மரவைகள் என்னும் மரப் பாத்திரங்களையும் எனாமல் அடுக்குகளையும் யாரோ எடுத்துச் சென்றுவிட்டார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், எஃப்.ஐ.ஆர். பதிவாயிற்று, அதுவரை நடந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் மூன்றைக் கேட்டார்கள். எங்கள் வீட்டு முகப்பிலும் எதிர்வீட்டிலும் உள்ள கேமராக்களின் பதிவு சேரும் டி.வி.ஆர். பெட்டிகளை அப்படியே கழற்றித் தரச் சொன்னார்கள். காவலாளியின் கைப்பேசியையும், கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளின் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் பேட்டர்னையும் வரைந்து காட்டச் சொன்னார்கள். அப்பாவின் சிம் மகள் பெயரில் இருக்கிறது என்பதுதான் மகளின் கைப்பேசியையும் சேர்த்து எடுத்ததற்குச் சொன்ன காரணம். மூன்றாவதாக, தெருவில் கேமரா வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லாரும், நிலையத்திலிருந்தே நேரடியாகப் பார்க்கும்படி லாகின் விவரத்தைத் தந்தால் நல்லது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது.

கைப்பேசிகளுக்கு ரசீது எதுவும் தரவில்லை. அந்தப் பெண்ணின் தேர்வு நுழைவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, தோழிகளோடு பேசியவை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. திருடன் பிடிபட வேண்டும் என்பதில் எனக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. ஆனால் எங்கள் பொருள் களவுபோனதற்காக, எங்களிடம் சம்பளம் வாங்குகிறார் என்ற ஒரே காரணத்தால், ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதும் நிலையத்து மேசையில் கிடப்பது முறையா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரைக்கிளை வக்கீல்:

அண்ணே, கேட்ட மூன்றும் சட்டத்தில் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்பவை. ஒரே மூச்சில் கேட்டார்கள் என்பதற்காக நாமும் ஒரே பதிலைச் சொல்லிவிடக் கூடாது.

டி.வி.ஆர். பதிவைக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ மின்னணுத் தகவலையோ, அது இருக்கக்கூடிய கருவியையோ முன்வைக்கும்படி நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் ஆணையிடலாம் என்கிறது. பழைய சட்டத்தின் 91ஆம் பிரிவில் "ஆவணம் அல்லது பொருள்" என்று இருந்ததில்தான் கைப்பேசியையும் சேர்த்துப் படித்து வந்தோம். இப்போது தகவல் தொடர்புக் கருவி என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். எழுத்தில் ஆணை, குறிப்பிட்ட வழக்கு, குறிப்பிட்ட பொருள் ஆகிய மூன்றும் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரையிலான பதிவு வேண்டும் என்று எழுதிக் கேட்கச் சொல்வது ஒத்துழையாமை ஆகாது.

கைப்பேசியைக் கைப்பற்றவும் 106ஆம் பிரிவின்கீழ் அதிகாரம் உண்டு. ஆனால் அதற்குரிய முறை இருக்கிறது. சோதனையையும் கைப்பற்றலையும், பட்டியல் தயாரித்துச் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்று 105ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. ரசீதோ மகஜரோ (கைப்பற்றியவற்றின் பட்டியல்) இல்லாமல் வாங்கிப்போனது, வாங்கியதே தவறு என்று ஆகாவிட்டாலும், வாங்கிய முறை தவறு.

லாகின் விவரம் கேட்பது வேறு வகை. இன்னும் நடக்காத ஒரு குற்றத்துக்காக, தெருவில் போகும் எல்லாரையும் எந்நேரமும் பார்ப்பதற்கு 94ஆம் பிரிவு இடம் தராது. அது வேண்டுகோள்தான், மறுக்கலாம்.

பேட்டர்னைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை.

ஓய்வுபெற்ற ஏட்டையா:

வக்கீல் தம்பி சொன்ன சட்டம் சரி. நிலையத்தின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நம் பகுதியில் தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். திறந்திருக்கும் வீட்டிலும் வயதானவர்கள் இருவரோ ஒருவரோதான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒரு தெருக்கோடியிலிருந்து மறுகோடிவரை நீளும் வீட்டில் பின்வாசலில் நடப்பது முகப்பில் இருப்பவருக்குக் கேட்காது. களவுபோன மரவையும் விளக்கும் இரண்டு கை மாறிவிட்டால் பழம்பொருளாகிவிடும். பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் நேர்மையாகக் கடை வைத்திருப்பவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகலாம். அதனால் முதல் சில நாட்களுக்குள் துப்புக் கிடைக்காவிட்டால் வழக்கு அநேகமாகக் கண்டுபிடிக்கப்படாத கோப்பில் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சி.டி.ஆர். என்னும் கைப்பேசி அழைப்பு விவரப் பதிவும் கேமராவும் வருவதற்கு முன்பு ஒரு களவு நடந்தால், பழைய குற்றவாளிகள், வீட்டு வேலைக்காரர், பக்கத்து ஊர்க் கூலியாட்கள் எனப் பத்துப் பேரைக் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் விசாரணையின் தொடக்கம். அவர்களில் ஒன்பது பேருக்கு அந்தக் களவோடு எந்தத் தொடர்பும் இருக்காது. இரவு முழுவதும் நிலையத்தில் அவர்கள் பட்டது எந்தப் பதிவேட்டிலும் வராது. இன்று அந்த இரவில் எந்தக் கைப்பேசி எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்தது என்று பார்த்தால், அந்த ஒன்பது பேரையும் தொடாமலே விட்டுவிடலாம். காவலாளியின் கைப்பேசியைப் பார்ப்பது அவரைக் காப்பாற்றவும் கூடும் என்பதை வளவுக்காரத் தம்பி எண்ணிப் பார்க்க வேண்டும். தரவு இல்லாத விசாரணை மென்மையான விசாரணை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள், அந்தக் காலத்து நிலையங்களைப் பார்த்ததில்லை.

கோட்டையூர் ஆச்சி:

ஏட்டையா சொல்வதில் உண்மை இருக்கிறது. என் தங்கைக்கு ஒரு நாள் வீடியோ அழைப்பு வந்தது. சீருடை அணிந்த ஒருவன், அவள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகவும், அவளை "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்திருப்பதாகவும் சொல்லி, அறையைவிட்டு வெளியே போகவிடாமல் பணத்தை மாற்றவைத்துவிட்டான். பேரன் வந்து 1930 எண்ணுக்கு உடனே அழைத்ததால், கணக்குவிட்டுக் கணக்கு போய்க்கொண்டிருந்த பணத்தில் ஒரு பகுதியை வங்கிகள் நிறுத்தி வைத்தன. அங்கே நீதிபதியிடம் போய் ஆணை வாங்கிவா என்றிருந்தால் ஒரு ரூபாயும் மிஞ்சியிருக்காது.

ஆனால் அதன் பின்பு நடந்ததையும் கேளுங்கள். வந்த செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும் என்று காவல் நிலையத்தில் அவளுடைய கைப்பேசியை வாங்கிய இளைஞர், படங்களைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போனார். பேத்தி பிறந்தபோது மருத்துவமனையில் எடுத்த படங்கள், மருமகள் பால் கொடுத்துக்கொண்டிருந்த படம் ஒன்று, தங்கையின் அறுவைச் சிகிச்சைத் தையலை மருத்துவருக்கு அனுப்புவதற்காக எடுத்த படம் என எல்லாம் வரிசையாக வந்தன. மேசைக்கு இந்தப் பக்கம் மனு எழுதிக்கொண்டிருந்த வேறு இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த இளைஞர் கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை; "ஆச்சி, தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று அன்பாகக் கேட்டவர்தான். அவர் தேடியது இரண்டே படங்கள். அவர் கண்ணில் பட்டதோ எங்கள் வீட்டுப் பெண்களின் அந்தரங்கம். தங்கை இன்றுவரை பணம் போனதைப் பேசுவாள், அதைப் பேசமாட்டாள்.

மதுரைக்கிளை வக்கீல்:

ஆச்சி சொன்னதற்குள் சட்டத்தின் பெரிய முரண்பாடு ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும்.

ஒருவருடைய தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் நம் நாட்டில் எவ்வளவு தடைகள் இருக்கின்றன என்று பாருங்கள். 1996இல் மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிமுறைகளை வகுத்தது. பின்னர் அவை தந்தி விதிகளில் 419ஏ என்று இடம்பெற்றன. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகள் அதே சட்டகத்தைத் தொடர்கின்றன. மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் கையெழுத்திட வேண்டும். ஆணை 60 நாட்களுக்குத்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைத் தாண்டக் கூடாது. தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு அதை மறுஆய்வு செய்ய வேண்டும். தேவை முடிந்த பதிவுகளை அழிக்க வேண்டும். பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்று 2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்து, 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தார். ஏறத்தாழ அதே நேரத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் பெருந்தொகை ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று வேறு வழியில் போனது உண்மைதான். எப்படியிருந்தாலும், வாதம் உள்துறைச் செயலாளரின் கையெழுத்து போதுமா போதாதா என்ற உயரத்தில் நடக்கிறது.

இப்போது நிலையத்து மேசைக்கு வருவோம். காவலாளி நாளை பேசப்போகும் ஓர் அழைப்பைக் கேட்க உள்துறைச் செயலாளர் வேண்டும்; அவர் ஐந்து ஆண்டுகளாக எழுதிய எல்லாச் செய்திகளையும், எடுத்த எல்லாப் படங்களையும், போய்வந்த எல்லா இடங்களையும், அவர் மகள் தன் தோழியிடம் அழுததையும் படிப்பதற்கு விசாரணை அதிகாரியின் விருப்பமே போதும். ஓடிக்கொண்டிருக்கும் சொல்லுக்கு இவ்வளவு காவல் போட்ட சட்டம், தேங்கிக் கிடக்கும் சொல்லை அப்படியே திறந்து விட்டிருக்கிறது. 1996இல் அது பொருந்தியது, ஏனென்றால் அன்று பேச்சு முடிந்தால் காற்றோடு போய்விடும். இன்று எதுவும் போவதில்லை.

1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், சோதனை, கைப்பற்றல் விஷயத்தில் தனியுரிமை என்ற அடிப்படை உரிமையை நம் அரசியலமைப்பு ஏற்கவில்லை என்ற கருத்தை எழுதினார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டு, தனியுரிமை 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்தின் அளவுக்கு மிஞ்சக் கூடாது என்றும் சொன்னார்கள். களவு வழக்கில் முதல் இரண்டும் தாராளமாக இருக்கின்றன. மூன்றாவதுதான் எங்கும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் ரைலி வழக்கில், கைது செய்யப்பட்டவரின் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியாக இருந்தாலும் உள்ளே பார்க்கத் தனி வாரண்டு வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்த்தது. நம் சன்ஹிதாவோ 2023இல் புதிதாக எழுதப்பட்ட சட்டம். புட்டசாமி தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே எழுதியவர்கள், கருவியைச் சேர்த்தார்கள், கருவிக்குள் எதுவரை போகலாம் என்ற எல்லையைச் சேர்க்கவில்லை.

பேட்டர்ன் விஷயம்: தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் குற்றஞ்சாட்டப்பட்டவரை வற்புறுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவு. 1961இன் காத்தி காலு ஒகட் தீர்ப்பு, விரல்ரேகை கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்றது. 2010இன் செல்வி தீர்ப்பு, மனத்தில் இருப்பதை வலிந்து எடுப்பது சாட்சியே என்றது. கடவுச்சொல் இந்த இரண்டில் எதன் பக்கம் சேரும் என்பதில், 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதிகாரிக்குச் சாதகமாகவும், 2022இல் டெல்லியில் ஒரு சிபிஐ நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகவும் சொல்லியிருக்கின்றன. காவலாளி குற்றஞ்சாட்டப்பட்டவர் அல்லர் என்பதால் 20(3) அவருக்கு நேரடியாகக் கைகொடுக்குமா என்பதே ஒரு கேள்வி. குற்றஞ்சாட்டப்பட்டவரைவிடச் சாட்சிக்குப் பாதுகாப்புக் குறைவு என்ற விசித்திரத்தில் வந்து நிற்கிறோம்.

கேமராக்காரன்:

காரைக்குடி வட்டாரத்தில் கேமரா பொருத்துவதும் கைப்பேசி பழுதுபார்ப்பதும் என் தொழில். சட்டத்தை வக்கீல் ஐயா பார்த்துக்கொள்ளட்டும், நான் கருவியைப் பற்றிச் சொல்கிறேன்.

டி.வி.ஆர். பெட்டியில் ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதிது எழுதப்பட்டுவிடும். நம் வீடுகளில் பொருத்தும் சாதாரண அளவு டிஸ்க்கில் சில வாரங்களுக்குமேல் பதிவு தங்காது. ஆகவே பெட்டியைக் கழற்ற வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுவதில் காரணம் இருக்கிறது. ஆனால் பெட்டியைக் கழற்றினால் அடுத்த களவுக்குக் கேமரா இருக்காது. அந்த இரவின் பதிவை மட்டும் பென் டிரைவில் எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பைக் குறித்து, சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்கும். அந்தச் சான்றிதழின் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பை எழுத இடம் இருக்கிறது. ஹாஷ் என்பது ஒரு கோப்பிலிருந்து கணக்கிட்டுப் பெறும் நீண்ட எண்ணெழுத்து வரிசை; கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறாகிவிடும்.

கைப்பேசியில்தான் எனக்குப் பயம் அதிகம். முறைப்படி செய்தால் தடய அறிவியல் கூடத்தில் முழுநகல் எடுத்து, ஹாஷைக் குறித்து, நகலில்தான் தேடுவார்கள், மூலத்தைத் தொடமாட்டார்கள். நிலையத்தில் பேட்டர்னைப் போட்டுத் திறந்து விரலால் தள்ளிப் பார்த்தால், பார்த்த நேரத்தில் வரும் செய்தி, புதுப்பித்துக்கொள்ளும் செயலி, மாறும் தேதி எல்லாம் பதிவாகிக்கொண்டே போகும். பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் "இது காவல்துறையின் கையில் இருந்தபோது மாறியிருக்கிறது" என்று சொன்னால் மறுப்பது கடினம். ஆக, அந்தரங்கம் போவதோடு வழக்கும் கெடுகிறது. இன்னொன்று, திறந்த கைப்பேசி என்பது அந்தக் கைப்பேசியோடு முடிவதில்லை. மின்னஞ்சல், கூகுள் டிரைவ், வாட்ஸ்அப்பில் இணைத்த மடிக்கணினி, யு.பி.ஐ. எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். ஓ.டி.பி.யும் அதற்கே வரும்.

சிங்கப்பூர்ப் புள்ளி:

எல்லாரும் நிலையத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறீர்கள். என் பெற்றோர் இருவரும் பள்ளத்தூரில் தனியாக இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கேமராவை நிலையத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குவேன். மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் தயங்க வேண்டும்?

கோட்டையூர் ஆச்சி:

தம்பி, உங்கள் வீட்டுக் கேமரா உங்கள் வீட்டை மட்டும் பார்க்கவில்லை. விடியற்காலையில் எதிர்வீட்டுப் பெண் குனிந்து கோலம் போடுவதையும், யார் வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பதையும் அது பார்க்கிறது. அவளிடம் யார் கேட்டீர்கள்? மறைக்க ஒன்றும் இல்லை என்பதை அவளுக்காக நீங்கள் சொல்ல முடியாது.

மதுரைக்கிளை வக்கீல்:

சிங்கப்பூரில் இருப்பவர் என்பதால் அங்கிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. கொரோனா காலத்தில் "டிரேஸ் டுகெதர்" செயலியை அரசு கொண்டுவந்தபோது, தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே அந்தத் தரவு பயன்படும் என்று உறுதி தரப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அதைக் கேட்டுப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தபோது, அரசை மிகவும் நம்பும் அந்த மக்களே அதிர்ந்து போனார்கள். அடுத்த மாதமே, கொலை, பயங்கரவாதம் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டும்தான் அந்தத் தரவைப் பயன்படுத்தலாம் என்று தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அங்கே யாரும் காவல்துறைக்கு ஒன்றுமே கூடாது என்று சொல்லவில்லை. எந்தக் குற்றத்துக்கு எந்தத் தரவு என்ற வரம்பைத்தான் கேட்டார்கள், கிடைத்தது.

சிங்கப்பூர்ப் புள்ளி:

அந்தச் சம்பவம் எனக்கும் நினைவிருக்கிறது. நானும் அப்போது எரிச்சலடைந்தவன்தான். ஆனால் அதை வைத்துப் பள்ளத்தூரில் என் பெற்றோருக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள். வரம்பு வரட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு வயது இல்லை.

கேமராக்காரன்:

அண்ணே, நேரடி லாகின் கொடுக்காமலே அதைச் செய்யலாம். வாசல் திறந்தாலோ அழைப்புப் பொத்தானை அழுத்தினாலோ உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் எச்சரிக்கை வரும்படி அமைக்க முடியும். நிலையத்துக்கு நீங்கள் அழைத்துச் சொல்லலாம், அந்த நேரத்துப் பதிவை அனுப்பலாம். இருபத்துநான்கு மணி நேரமும் நிலையத்தில் ஒருவர் உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க வேண்டாம், அங்கே அவ்வளவு ஆட்கள் இல்லை. லாகினைக் கொடுத்தால் நிகழக்கூடியது, யாரோ, எப்போதோ, எதற்காகவோ பார்ப்பதுதான். பல வீடுகளில் கேமரா வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லையே இன்னும் மாற்றவில்லை என்பது தனிக் கதை.

ஓய்வுபெற்ற ஏட்டையா:

ஆட்கள் இல்லை என்பது சரியான பேச்சு. ஆனால் வக்கீல் தம்பி அமெரிக்காவைப் போல ஒவ்வொரு கைப்பேசிக்கும் வாரண்டு என்று போனால், இங்கே நடுவர் நீதிமன்றங்களில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளின் கீழே அந்த மனுவும் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குள் விளக்கு உருகிப் பாத்திரமாகியிருக்கும்.

மதுரைக்கிளை வக்கீல்:

ஏட்டையா, அவசரத்துக்கு வழி வைத்தே தடை போடலாம் என்பதற்கு உங்கள் துறையிலேயே சான்று இருக்கிறது. 2013இல் அருண் ஜெட்லியின் அழைப்பு விவரங்களை டெல்லியில் ஒரு காவலர் முறைகேடாக எடுத்தது வெளிவந்த பின்பு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் ஒப்புதலோடுதான் சி.டி.ஆர். கேட்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் வழிமுறை வகுத்தது. அதனால் உங்கள் விசாரணைகள் நின்றுபோயினவா?

ஓய்வுபெற்ற ஏட்டையா:

நிற்கவில்லை. முதலில் முணுமுணுத்தோம், பிறகு மாவட்ட அலுவலகத்துக்கு ஒரே மின்னஞ்சலில் போய் வந்துவிடும் வேலையாயிற்று. ஏன் வேண்டும் என்று இரண்டு வரி எழுத வேண்டியிருந்ததால், தேவையில்லாமல் கேட்பதும் குறைந்தது. கைப்பேசியின் உள்ளே பார்ப்பதற்கும் எஸ்.பி. ஒப்புதல், எந்தத் தேதிக்குள் எதைத் தேடுகிறோம் என்ற குறிப்பு, பின்னர் நடுவருக்கு அறிக்கை என்று வைத்தால் நான் எதிர்க்கமாட்டேன். ஒட்டுக்கேட்பிலும் அவசரம் என்றால் முதலில் செய்துவிட்டு ஏழு வேலை நாட்களுக்குள் ஒப்புதல் பெறலாம் என்ற வழி இருக்கிறதல்லவா, அதுபோல இங்கும் இருக்க வேண்டும். ஆள் கடத்தலில் ஒரு மணி நேரம்கூட வீணாக்க முடியாது.

செக்காலை வாசகன்:

எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கேட்டுப் பெறுவது ஒருபுறம் இருக்க, பெற்றதை எப்படி வைத்திருக்கிறார்கள்? 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியார் புகுந்த செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. குற்றவாளிகளின் தரவு மட்டுமன்றி, காவலர்களின் விவரங்களும் அதில் இருந்ததாகச் சொன்னார்கள். பத்திரமாக வைக்க முடியாதவற்றைக் குறைவாகச் சேர்ப்பது காவல்துறைக்கே நல்லது.

வளவுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இங்கே எழுதியவற்றைக் காட்டிப் பங்காளிகளிடம் பேசினேன். களவு நடந்த இரவின் பதிவை மட்டும் சான்றிதழோடு கொடுத்தோம், பெற்றுக்கொண்டார்கள். லாகின் தர இயலாது என்று தெருக்காரர்கள் சேர்ந்து மரியாதையாக எழுதிவிட்டோம். கைப்பேசிகளுக்கு இப்போது மகஜர் போட்டு நகல் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று சொல்லவில்லை. காவலாளி, "எனக்குப் போன் போனால் போகட்டும் ஐயா, பிள்ளையினுடையதை மட்டும் வாங்கிக் கொடுங்கள்" என்கிறார். அவருக்காக என்ன மனு போடலாம்? இன்னொரு கேள்வி: கருவி திரும்பி வந்தாலும், உள்ளே இருந்ததை நகல் எடுத்திருந்தால் அது என்ன ஆகும்?

மதுரைக்கிளை வக்கீல்:

கருவியைத் திரும்பப் பெற, சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் மகள் பெயரிலேயே மனு செய்யலாம். பொருட்களை நிலையத்தில் காலவரையின்றிப் போட்டுவைக்கக் கூடாது, இடைக்காலமாக உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் செல்லும்.

நகல் பற்றிய கேள்விதான் கடினமானது. ஒட்டுக்கேட்ட பதிவை அழிக்க விதி இருக்கிறது. விரல்ரேகைக்கும் இருக்கிறது: 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதித்தாலும், முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலையானாலோ, நீதிமன்றம் வேறாகச் சொன்னாலன்றி, அழித்துவிட வேண்டும் என்கிறது. குற்றமே சாட்டப்படாத ஒரு மாணவியின் கைப்பேசி நகலுக்கு அப்படி ஒரு வரியும் இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி அழிக்கச் சொல்லலாமா என்றால், அதன் 17ஆம் பிரிவு குற்ற விசாரணைக்கு விலக்குத் தருகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த விலக்கு 8(5)ஐத் தொடவில்லை, அதாவது தரவைப் பாதுகாப்பாக வைக்கும் கடமை அப்படியே நிற்கிறது. 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன, முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது என்பதால் இன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு போராட முடியாது.

ஆகவே கருவிக்கான மனுவிலேயே இரண்டாவது வேண்டுகோளாக, வழக்குக்குத் தொடர்பில்லாத தரவின் நகலை அழித்து அறிக்கை தாக்கல் செய்யும்படி புட்டசாமி தீர்ப்பைக் காட்டிக் கேட்கலாம். நடுவர் தமக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக அதுவே வழியாகும்.

ஓய்வுபெற்ற ஏட்டையா:

மனுவை எழுதும்போது நிலையத்தைக் குறைகூறும் வரிகளைச் சேர்க்க வேண்டாம். தேர்வு வருகிறது, கைப்பேசி வேண்டும், அவள் குற்றஞ்சாட்டப்பட்டவள் அல்லள் என்ற மூன்றும் போதும். நடுவர் விசாரணை அதிகாரியிடம் பதில் கேட்பார். நகல் எடுத்தீர்களா, எடுத்திருந்தால் எந்தக் கருவியில் யார் பொறுப்பில் இருக்கிறது என்ற இரண்டுக்கும் அந்தப் பதிலில் எழுத்து மூலம் விடை வர வேண்டும் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள். வாயால் கேட்டால் "எடுக்கவில்லை" என்றுதான் சொல்வார்கள். கையெழுத்திட்டுச் சொல்வதற்கு முன்னால் எந்த அதிகாரியும் ஒரு முறை போய்ப் பார்ப்பார்.